தர்மம் செய்யும் அப்பாவிடம் சம்பளக் கணக்கு பேசுவது எப்படி?

கேள்வி: எனக்கு 29 வயது. லெபோ பாசாரில் தாத்தா தொடங்கிய மளிகைக் கடையும் புக்கிட் மெர்தாஜாமில் அப்பா தொடங்கிய மசாலா ஆலையும்தான் எங்கள் குடும்பத் தொழில். மெல்பர்னில் படித்துவிட்டு வந்து மூன்று வருடமாக அப்பாவோடு இருக்கிறேன். போன வருடம் என்னையும் இயக்குநராகச் சேர்த்தார்கள். அப்பாவுக்கு 60 பங்கு, சித்தப்பாவுக்கு 40. லாபத்தில் 5 விழுக்காட்டை ஒதுக்கித் தாத்தா பெயரில் அறக்கட்டளை தொடங்கலாம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கலாம், கூரையில் சோலார் போடலாம், பிளாஸ்டிக் பொட்டலத்தை நிறுத்தலாம் என்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அப்பா திறந்துகூடப் பார்க்கவில்லை. “தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுறோம், கோயிலுக்கு அரிசி மூட்டை அனுப்புறோம், இதுக்கு மேல என்னம்மா சமூகப் பொறுப்பு?” என்கிறார். சித்தப்பா சிரிக்கிறார். ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த 14 பேர் ஆலை மாடியில் இரண்டு அறைகளில் தங்கியிருக்கிறார்கள், அவர்களுடைய பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. அதையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? முடியாவிட்டால் கோலாலம்பூரில் வேறு வேலை தேடிக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: கடிதத்தோடு உங்கள் அறிக்கையையும் அனுப்பியிருந்தீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சோலாருக்கு ஆறு பக்கம், உதவித்தொகைக்கு ஐந்து பக்கம் ஒதுக்கிய நீங்கள், உங்கள் ஆலையிலேயே தூங்கி எழுந்து மிளகாய் அரைக்கிற 14 பேருக்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் “பிறகு சரிசெய்துகொள்ளலாம்” என்று. நான் கணக்காளன். குடும்ப நிறுவனங்களின் பேரேட்டைப் புரட்டுவதுதான் என் பிழைப்பு. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பை நான் முதலில் சம்பளப் பட்டியலில்தான் தேடுவேன். அதனால் நீங்கள் கடைசியில் வைத்ததை முதலில் எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாஸ்போர்ட். இதற்கு அப்பாவின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமில்லாமல் வைத்திருப்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். “பத்திரமா இருக்கட்டும்னு அவங்களே கொடுத்தது” என்று அப்பா சொல்வார். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். அப்படியானால் ஆளுக்கொரு சின்ன இரும்புப் பெட்டி, சாவி அவரவர் கையில். பத்திரத்துக்குப் பத்திரமும் ஆச்சு.

அப்பாவின் பயம் என்ன என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவருக்கு அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி என்ற கட்டணம் வருடத்துக்கு 1,850 வெள்ளி. 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்க முடியாது. 14 பேருக்கு 25,900 வெள்ளி. இவ்வளவும் கட்டிய பிறகு ஒருவன் ஓடிப்போனால் பணமும் போச்சு, ஆளும் போச்சு. அதனால்தான் அலமாரிக்குப் பூட்டு. ஆனால் ஓடுகிறவன் பாஸ்போர்ட் இல்லாமலும் ஓடத்தான் செய்கிறான், நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏன் ஓடுகிறான் என்பதற்கான விடை பெரும்பாலும் சம்பளச் சீட்டில் இருக்கும்.

அந்தச் சீட்டு ஒன்றையும் நீங்கள் அறிக்கையில் ‘ஆலைச் செலவு’ என்ற தலைப்பின் கீழ் ஒட்டியிருந்தீர்கள். அடிப்படைச் சம்பளம் 1,700. அதற்குக் கீழே ‘சாப்பாடு + ஓ.டி.’ (ஓ.டி. என்றால் கூடுதல் நேர வேலைக்கான கூலி) என்று ஒரே வரியில் 300. ஆக மொத்தம் 2,000 வெள்ளி. பக்கத்தில் வேலை நேரம் காலை 7 முதல் இரவு 7, வாரத்துக்கு ஆறு நாள் என்று எழுதியிருக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700தான். அதனால் அப்பா சட்டத்தைவிட 300 வெள்ளி கூடவே கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களோ என்னவோ.

வாங்க, கணக்கைப் போடுவோம். சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்தால் நாளுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 66. 2023 ஜனவரியில் வேலைச் சட்டத் திருத்தம் வந்த பிறகு வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. மீதி 21 மணி நேரம் ஓ.டி. மாதத்துக்கு 91 மணி நேரம் வருகிறது. 1,700ஐ மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்து, அதை நாளுக்கு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8.17. அதன் ஒன்றரை மடங்கு 12.26. ஆகக் கொடுக்க வேண்டிய ஓ.டி. சுமார் 1,115 வெள்ளி. கொடுத்த 300ஐ, சாப்பாட்டை மறந்துவிட்டு, முழுக்க ஓ.டி. என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு ஆளுக்கு மாதம் 815 வெள்ளி குறைகிறது. 14 பேருக்கு 11,410. வருடத்துக்கு 1,36,900 வெள்ளியைத் தாண்டும். தீபாவளிக்கு முன்னால் இரவு பத்து மணி வரை அரவை ஓடும் மாதங்களை இதில் நான் சேர்க்கவில்லை. அந்த மாதங்களில் ஓ.டி.க்கான 104 மணி நேர உச்சவரம்பையும் தாண்டியிருப்பீர்கள்.

உங்கள் அறிக்கையின் நிதிப் பக்கத்துக்கு இப்போது வாருங்கள். லாபத்தில் 5 விழுக்காடு, 90,000 வெள்ளி, அறக்கட்டளைக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அது யாருடைய பணம்? ஓ.டி.யை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் உங்கள் லாபம் 1,36,900 குறைந்திருக்கும். அப்படிப் பார்த்தால் தாத்தா பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கப்போவது நீங்களோ அப்பாவோ இல்லை, மாடி அறையில் படுத்திருக்கும் அந்த 14 பேர். அவர்களைக் கேட்காமலே. அப்பாவின் தண்ணீர்ப் பந்தலுக்கும் இதே கேள்விதான். பந்தலைப் பழசு என்றும் உங்கள் திட்டத்தைப் புதுசு என்றும் நீங்கள் பிரித்துப் பேசுகிறீர்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே பையிலிருந்துதான் வருகின்றன.

அப்பா கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடை கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய நோட்டு இருக்கும், கேட்டுப் பாருங்கள். யாருடைய அம்மாவின் ஆபரேஷனுக்கு எவ்வளவு, யார் தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு என்று எழுதியிருப்பார். பாதிக்குமேல் திரும்பி வந்திருக்காது, அவர் கேட்டிருக்கவும் மாட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் எந்த ஆண்டறிக்கையிலும் வராது. சிக்கல் எங்கே என்றால், முதலாளியாகப் பார்த்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவன் அப்புறம் ஓ.டி. பாக்கியைக் கேட்க வாய் திறக்க மாட்டான். “அப்பனுக்கு மருந்துக்குக் கொடுத்த மனுஷன்கிட்ட எப்படிண்ணே கேக்கிறது?” என்று ஒரு தொழிலாளி வேறோர் ஆலையில் என்னிடமே சொல்லியிருக்கிறார். மனசார உதவி செய்கிற முதலாளியிடம்தான் இந்தப் பாக்கி அதிகம் சேருகிறது என்பது என் அனுபவம்.

சரி, 1,36,900 வெள்ளிக்கு எங்கே போவது? முழுதையும் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, நேரத்தைக் குறைக்கலாம். வறுவலும் அரவையும் காலையில், பொட்டலம் கட்டுவது மதியத்துக்கு மேல் என்று இரண்டு ஷிப்டாகப் பிரித்தால் ஆளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓ.டி. மூன்று மணி நேரம்தான். மாதச் சம்பளம் 1,860 வெள்ளியில் முடிந்துவிடும், இப்போது கொடுப்பதைவிடக் குறைவு. ஆனால் இதைக் கேட்டு உங்கள் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கிவிட்டு வந்தவன் ஓய்வு கேட்டு வரவில்லை. ஓ.டி. இல்லாத ஆலையிலிருந்துதான் அவன் முதலில் கிளம்புவான். நாளுக்கு 10 மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள்: ஓ.டி.யோடு 2,500 வெள்ளியை ஒட்டி வரும். நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு மாதம் சுமார் 7,000. இரண்டில் எது என்று அவர்களிடமே கேளுங்கள். சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், அவர் முன்னால் எல்லாரும் “பரவால்லக்கா” என்றுதான் சொல்வார்கள். அவர்கள் வருவதற்கு எவ்வளவு கடன் பட்டார்கள் என்பதையும் அப்படியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில் விழ வேண்டும். பழைய பாக்கி விஷயத்தை ஒரு வழக்கறிஞரிடம் தனியாகப் பேசுங்கள், அது இந்தப் பத்தியில் அடங்காது.

மாடி அறைகள். 12க்கு 15 அடி என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது 16.7 சதுர மீட்டர். தொழிலாளர் தங்குமிடச் சட்டம், நம் ஆட்கள் ஆக்ட் 446 என்று சொல்வது, இதுபோன்ற அறைகளில் ஆளுக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் கேட்கிறது. நான்கு பேர் படுக்க வேண்டிய அறையில் ஏழு பேர் படுக்கிறார்கள். கட்டில், நாலு அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டு போட்ட அலமாரி, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, எல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இல்லாமல் ஆளைத் தங்கவைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம். “நான் கடை மேசையிலேயே படுத்து எழுந்தவன்” என்று அப்பா சொல்வார். சொல்லட்டும், அதோடு வாதாடாதீர்கள். எட்டுப் பேர் அங்கேயே இருக்கட்டும், ஆறு பேருக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீடு எடுங்கள். வாடகை என்று ஆளுக்கு 100 வெள்ளி வரை பிடித்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது. பிடிக்காமல் விட்டால் நல்லது என்பேன்.

மிளகாய்த் தூளைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அரவை அறைக்குள் மாஸ்க் இல்லாமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். காற்றை வெளியே இழுக்கும் ஃபேன், ஒழுங்கான மாஸ்க், அரவை அறையில் ஆளை மாற்றி மாற்றி விடுவது, இவ்வளவுக்கும் பெரிய பணம் தேவையில்லை. 2024 ஜூனிலிருந்து ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். யாரையாவது நியமித்திருக்கிறீர்களா?

இனி அப்பா. இருபது பக்க அறிக்கையை அவர் படிக்க மாட்டார். என் அனுபவத்தில் எந்த அப்பாவும் படிப்பதில்லை. ஒரே தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: ஓ.டி. குறைவு, தங்குமிட அபராதம், புது வீட்டு வாடகை, 10 மணி நேர ஷிப்டின் கூடுதல் செலவு. கடை சாத்திய பிறகு கல்லாப் பக்கம் உட்காரும்போது கொடுங்கள். உங்கள் ஆடிட்டரையும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். பெண்பிள்ளை சொன்னால் படித்த திமிர், ஆடிட்டர் சொன்னால் சட்டம். நம் வீடுகள் இப்படித்தான், இந்தத் தலைமுறையில் மாறும் என்று நானும் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வரியையும் மறக்காமல் சொல்லுங்கள். சம்பளம் முழுக்கச் செலவாகக் கழியும். நன்கொடை அப்படிக் கழியாது: உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புக்குக் கொடுத்தால்தான் கணக்கு, அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். கோயிலுக்குப் போன அரிசி மூட்டைக்கு அந்த ரசீது வந்ததா என்று கேட்டால் அப்பா கொஞ்சம் யோசிப்பார்.

பேரங்காடிகளுக்குச் சரக்குப் போட வேண்டும், ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஆசை இருப்பதாக அறிக்கையில் ஓர் இடத்தில் இருந்தது. அப்படியானால் அவர் சிரிப்பை நிறுத்த ஒரு வழி உண்டு. பெரிய வாங்குநர்கள் தணிக்கைக்கு ஆள் அனுப்பினால், வருகிறவர் தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டு “உன் பாஸ்போர்ட் எங்கே?” என்றுதான் தொடங்குவார். 2020 ஜூலையில் நம் நாட்டின் மிகப் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கை, கட்டாய உழைப்பு என்ற புகாரில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. தடை நீங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த நிறுவனத்துக்கு 15 கோடி வெள்ளி அளவுக்குச் செலவானது. உங்கள் ஆலை அதன் கால் தூசிக்குக்கூட வராது என்பது சரிதான், ஆனால் வாங்குநர் கேட்கும் கேள்வித்தாள் ஒன்றுதான்.

அறக்கட்டளையை வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் சித்தப்பாவோடு ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனக் கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு நன்கொடையிலும் நூற்றுக்கு நாற்பது அவருடையது. பந்தலுக்கும் அரிசிக்கும் அவரை யாராவது கேட்டார்களா? பழைய வியாபாரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துத் தனிக் கணக்கில் வைத்தார்கள், விருதுநகர் நாடார்கள் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். செட்டியார் பேரேடுகளில் சாமி பெயரிலேயே ஒரு கணக்கு ஓடும். முதலாளிக்கு அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த வரவு மாறாது. வரும் நிதியாண்டிலிருந்து ஓ.டி.யும் வரியும் போன பிறகு மிஞ்சும் லாபத்தில் 2 விழுக்காடு என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுத் தீர்மானம் எழுதுங்கள். பந்தலும் பள்ளியும் அதிலிருந்தே நடக்கட்டும். 5 விழுக்காடு இப்போதைக்கு உங்கள் ஆலை தாங்காது. அப்பாவிடம் ‘அறக்கட்டளை’ என்று ஆரம்பித்தால் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், மகமை என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

உதவித்தொகையில் ஒரு மாற்று யோசனை. எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் தேறாத இரண்டு மூன்று பிள்ளைகளை எடுத்து அரவை இயந்திரப் பராமரிப்பு, சரக்குக் கணக்கு, உணவுப் பரிசோதனை என்று பழக்கிச் சம்பளம் கொடுங்கள். காசோலையோடு போட்டோ எடுப்பதைவிட இது உங்கள் ஆலைக்கும் உதவும், ஆளில்லை ஆளில்லை என்று அப்பா புலம்புவதும் குறையும். சோலார் உங்கள் மின்கட்டணத்தைக் குறைக்கும் முதலீடு. செலவுக் கணக்கோடு தனியாகப் போடுங்கள், தர்மத்தில் சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 2009இலேயே பை இல்லாத நாள் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது, கடையில் பையை நிறுத்துங்கள், நல்லது. மசாலாப் பொட்டலத்தைக் காகிதமாக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் மிளகாய்த் தூள் பூஞ்சை பிடிக்கும், அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. ஈரம் புகாத பொட்டலமும் மாதாமாதம் ஆய்வகச் சோதனையும்தான் வாங்குகிறவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை.

கோலாலம்பூருக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் இயக்குநர் பதவியை வைத்துக்கொண்டு போகாதீர்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு நிறுவனம் வேலைச் சட்டத்தை மீறினால் இயக்குநர்கள் மீதும் குற்றம் சாட்டலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டியதைச் செய்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தெரியாது என்று நீங்கள் இனிச் சொல்ல முடியாது, என் மேசையில் உங்கள் கடிதம் இருக்கிறது. ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் அறைகளும் முதல் மாதத்தில், ஷிப்ட் இரண்டாவது மாதத்தில், சம்பளச் சீட்டில் ஓ.டி. தனி வரியாக மூன்றாவது மாதத்தில். ஒவ்வொன்றையும் இயக்குநர் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், அப்பா மறுத்தால் அந்த மறுப்பும் குறிப்பில் ஏறட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகும் 300 வெள்ளி அதே வரியிலேயே இருந்தால் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேலை தேடுங்கள். மகளாக வீட்டில் இருக்க அந்தப் பதவி தேவையில்லை.